பத்துக்குப் பத்து

— அந்த வயர் ஒன்பதாயிரம் ரூவாய் எண்டே சொல்லிப்போட்டீரோ அந்தப் பெரிய போலீஸ்காரரிட்ட?

— வேற என்ன சொல்றது மாஸ்டர்? கடை பில்லே பையில கெடக்கு. இல்லேன்னு புளுகினா அதுக்கு வேற ரெண்டு அறை விழும்.

— வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம், லூக்காஸ்.

— பஸ்ஸவிட்டு எறக்கினதுல இருந்து வாயே தொறக்காதவரு நீங்கதான். அதுதான் அவங்களுக்குப் பெரிய சந்தேகம்.

— என்ர அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. வாயைத் திறந்தால் அது இன்னும் வடிவாத் தெரியும். அதுதான்.

— அதுக்கு நான் என்ன செய்ய? பையத் தொறக்குறான், இருபதடி வயரு சுருட்டிக் கெடக்கு, ரெண்டு முனையிலயும் தங்க முலாம். கிட்டார் வயருங்கன்னேன். அடுத்து உங்க பையில இருந்து இன்னொண்ணு வருது. பதுளை டவுன்ல வாங்கின நூத்தம்பது ரூவா வயரு.

— அதுவும் கிட்டார் வயர்தானே.

— அதத்தானே அவரும் கேக்குறாரு! லுணுகலையில வளந்த ஆளாம், நல்லாத் தமிழ் பேசுறாரு. 'ரெண்டுக்கும் ஒரே வேலதான, அப்ப இதுக்குள்ள மட்டும் என்ன வச்சிருக்க?'ன்னாரு. சத்தம் நல்லா வரும் சேர்ன்னேன். 'காதுக்குத் தெரியுமா?'ன்னாரு. தெரியும்னேன். 'அப்ப கேட்டுக் காட்டு'ன்னுட்டாரு.

— என்னெண்டு காட்டுறது?

— நான் செவத்தப் பாத்து நிக்கணுமாம். அவரே வயர மாத்தி மாத்திக் குத்துவாராம். நீங்க வாசிக்கணும், எந்த வயருன்னு நான் சொல்லணும். பத்துத் தரம்.

— பிழையாச் சொன்னால்?

— ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு. நம்ம கிட்டார எடுத்து, மூணாவது கம்பிய ஒரு முறுக்கு முறுக்கிச் சரிபண்ணி வச்சிட்டுப் போயிட்டாரு.

— சிரிச்சவரோ? அப்ப கொழும்புக்கு அனுப்பத்தான் போறினம்.

— ஏன் மாஸ்டர் இப்புடிப் பேசுறீங்க? விசாரிச்சிட்டு விட்டுருவாங்க. அந்த ஓட்டையால பாருங்க, பஸ் ஸ்டாண்டு தெரியுது. நாலரைக்கு நமுனுகுல பஸ் இருக்கு. நாளைக்கு மாதா கோயில் திருநாளு, நம்ம வாசிக்காம பாட்டுப் பூசை எப்படி?

— என்ர அண்ணையையும் விசாரிச்சிட்டு விடுறம் எண்டுதான் கொண்டு போனவை. பதினொரு வருசமாச்சு. அம்மா இண்டைக்கும் அவருக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறா. எனக்குப் பயமாக் கிடக்கு லூக்காஸ். கையைத் தொட்டுப் பாரும்.

— அய்யோ, சில்லிட்டுப் போயிருக்கே.

— உண்மையைச் சொல்லும். உமக்கு வித்தியாசம் கேக்குமோ?

— ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன், கேக்கும்னு.

— ரெண்டு வருசமா நானும் சொல்லுறன், நான் சயன்ஸ் படிப்பிக்கிறவன், செம்புக்கம்பிக்குத் தன்ர விலை தெரியாது எண்டு. இப்ப நான் சண்டைக்குக் கேக்கேல்லை. கண்ணை மூடிக்கொண்டு நிண்டால் தெரியுமோ?

— கொழும்புக் கடையில வாசிச்சுக் காட்டறப்போ மணி மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து மாட்டினேன். இருந்த மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டு மாசம் பெக்டரியில ஓவர்டைம் நின்னு வாங்கினது. அந்த வருசத் திருநாளுக்கு வீட்டுக்காரி அகஸ்டினாவுக்குச் சீல எடுக்கல. அதுக்கப்பறம் கேக்கலேன்னு யாருகிட்டப் போயிச் சொல்றது?

— அப்ப கேக்காது.

— கேக்காது மாஸ்டர். இன்னைக்குத்தான் மொதத் தடவையா வாயால சொல்றேன். வெக்கமா இருக்கு.

— வெக்கத்தைப் பிறகு பாப்பம். வடிவாக் கேளும். விலை கூடின வயர் எண்டால் கடைசிச் சுரத்தைக் கொஞ்சம் நீள விடுறன். சாதா வயர் எண்டால் உள்ளங்கையால மெல்ல அமத்துறன். நூலளவுதான். உமக்கு என்ர கை பழக்கம், பிடிச்சிடுவீர்.

— நீண்டா ஒசந்தது. அமுங்கினா சாதா.

— ஓம்.

— ரெண்டு மூணு பிழையாச் சொல்லட்டுமா? எல்லாமே சரின்னா ஒரு மாதிரி இருக்காதா?

— விசர்க்கதை கதையாதையும்! கேக்கும் எண்டு சொன்னவர் நீர். ஒண்டு பிழைச்சாலும் எல்லாம் பொய் எண்டிடுவினம். பத்தும் சரியா இருக்கவேணும்.

— பள்ளிக்கூடத்துல ஒருநாளும் வாங்காத மார்க்கு.

— உஷ், பூட்டுத் திறக்கினம்.

— ரெண்டு பேரும் வெளிய வா. உங்க ஆம்ப் ஸ்பீக்கர் போட்டிருக்கு. நீ லூக்காஸ், செவத்துப் பக்கம். மூஞ்சி திரும்பக் கூடாது. மாஸ்டர், கிட்டார் எடு. ஒரே பாட்டு, ஒரே மாதிரி. வயர் மாத்துறது நான்.

— சரிங்க சேர்.

— ஒண்ணு. வாசி. ம், சொல்லு.

— ஒசந்த வயரு சேர்.

— ரெண்டு.

— இது சாதா.

— மூணு.

— இதுவும் சாதாதான்.

— நாலு.

— மறுபடியும் சாதா சேர்.

— ம்ம். மூணு தரம் ஒரே வயர் போட்டேன். வேற ஆளுன்னா பயந்து மாத்திச் சொல்லும். அஞ்சு.

— ஒசந்தது.

— மாஸ்டர், கைய ஏன் தேய்க்கிற?

— குளிர் சேர்.

— குளிருக்கு வேர்க்குமா? சரி, ஆறு.

— ஒசந்தது.

— ஏழு.

— சாதா.

— எட்டு.

— ஒசந்தது.

— ஒம்பது.

— சாதா சேர்.

— பத்து. கடைசி. நல்லாக் கேட்டுச் சொல்லு.

— ஒசந்தது சேர்! மணி மாதிரி கேக்குது.

— பத்துக்குப் பத்து.

— நான்தான் சொன்னேனே சேர்! நாலரை பஸ்ஸுக்கு விட்டீங்கன்னா திருநாளுக்குப் போயிருவோம். மாஸ்டர், சொல்லுங்க மாஸ்டர்.

— ஓம் சேர். பாட்டுப் பூசை இருக்கு.

— இரு. ரெண்டு பேரும் என்ட மூஞ்சியப் பாரு. என்ட வீட்டுலயும் இதே வயர் ஒண்ணு இருக்கு.

— சேர்... நீங்களும் வாசிப்பீங்களா?

— கல்யாண வீட்டுல எல்லாம் வாசிச்சிருக்கேன். இத வாங்கிட்டு, கேக்குது கேக்குதுன்னு ஆறு மாசம் பொஞ்சாதிக்கிட்ட சொன்னேன். ஒருநாள் அவ என்னத் திருப்பி நிக்க வச்சா, தம்பிய வாசிக்கச் சொல்லிட்டு வயர மாத்தி மாத்தி வச்சா. பத்துல நாலுதான் எனக்குச் சரி.

— சேர், நாங்க வந்து...

— நீயும் இன்னைக்கு நாலோ அஞ்சோ சொல்லியிருந்தா, என்ன மாதிரியே ஏமாந்தவன்னு தோள்ல தட்டி, அந்த நாலரை பஸ்ஸுல நானே ஏத்தி விட்டிருப்பேன்.

— ஐயோ சேர், எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. அவனை விடுங்கோ.

— இப்பதான் மாஸ்டருக்கு வாய் தொறக்குது. பக்கத்துல நின்னு கண்ணு எடுக்காமப் பாத்தேன், ஒண்ணும் காணல. காதுக்கும் புடிபடல. மாஸ்டர், நீ பத்துத் தரம் சாடை சொல்லியிருக்க, அவன் பத்துத் தரமும் புடிச்சிருக்கான். இனி வயரப் பத்திப் பேச்சு இல்ல. சொல்லுங்க, இவ்வளவு நல்லா சிக்னல் குடுக்க எங்க பழகினீங்க?