சக்கரவர்த்திக்கு ஒரு திரை

கம்ப்யூட்டர் பார்க்கிறவர் முன்னால் குனிந்திருப்பார், டி.வி. பார்க்கிறவர் பின்னால் சாய்ந்திருப்பார். இந்த வித்தியாசம் மண்டையில் ஏறிவிட்டால் என் தொழிலில் பாதியைக் கற்றுக்கொண்ட மாதிரி. மீதிப் பாதி, எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று தெரிந்துகொள்வது.

"நடந்ததை எழுதிக் குடும்மா, அவசரமில்ல" என்றீர்கள் மேடம். ஸ்டேஷனில் காபியும் வாங்கிக் கொடுத்தீர்கள். அதனால் ஒழுங்காகவே எழுதுகிறேன்.

என் பெயர் மதிவதனி. கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு கம்பெனியில், டி.வி.யோடு இணைக்கிற பெட்டிகளுக்குத் திரை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி இருப்பவருக்கு மவுஸும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. அம்புக்குறியும் ஓகே பட்டனும்தான். திரையில் எந்நேரமும் ஒரே ஒரு வரி மஞ்சளாக எரிய வேண்டும், அதுதான் அவர் இப்போது நிற்கிற இடம். சிவப்பு எழுத்து கூடாது, பழைய டி.வி.யில் கசியும். ஓரத்தில் எதையும் வைக்கக் கூடாது, வெட்டுப்பட்டுப் போகும். பாவம், ஏதோ தெரியாமல் செய்துவிட்டாள் என்று என் அண்ணன் உங்களிடம் சொன்னானாம். இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

என் கணவர் சக்கரவர்த்தி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க். வாய் ஓயாத மனுஷன். பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடி வரை அவரோடு நடப்பது பெரிய வேலை, கடைக்குக் கடை நிற்க வேண்டும். பூக்காரம்மாவின் மகளுக்கு வரன் பார்ப்பார், லாட்ஜ் மேனேஜரின் முட்டிவலியை விசாரிப்பார், ஆட்டோக்காரரைக் கேலி செய்வார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பேச்சு தீர்ந்துபோயிருக்கும். "மோட்டார ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வார். என் பங்குக்கு வந்தது தண்ணீர் மோட்டாரும் கேஸ் சிலிண்டரும்தான். எனக்குப் பொறாமையாக இருக்கும். இன்னார் மேல் என்று இல்லை, மொத்த ஊர் மேலும்தான்.

2006 ஆடியில் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. வேலூரில் மூன்று மாதம் ஆஸ்பத்திரி வாசம். உயிர் பிழைத்தார். பேச்சு போனது, கை கால் போனது. கண்ணும் காதும் அறிவும் அப்படியே இருந்தன. வலது கட்டைவிரல் மட்டும் அசைந்தது. எல்லாரும் அதைப் பார்த்து அழுதார்கள். ரிமோட்டுக்கு ஒரு விரல் போதுமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

டி.வி.யை அவர் கட்டிலுக்கு எதிரே வைத்து என் பழைய கம்ப்யூட்டரோடு இணைத்தேன். ரிமோட்டை அவர் உள்ளங்கையில் துணிப்பட்டையால் கட்டினேன். திரையில் ஆறு வரிகள்: தண்ணீர், வலி, அம்மா, எழில், மதி, எழுத்து. அம்புக்குறியால் ஒவ்வொன்றாக இறங்கி வந்து ஓகே அழுத்தினால், கம்ப்யூட்டர் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும். 'அம்மா' என்றால் கீழ்பென்னாத்தூரில் என் மாமியாருக்குப் போன் போகும். 'எழில்' என்றால் தினமும் வந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் எழிலின் செல்லுக்குப் போகும். 'எழுத்து' என்றால் எழுத்துகள் வரும், ஒன்றொன்றாகப் பொறுக்கிச் சொல் சேர்க்கலாம். ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம்கூட ஆகும். சொல்கிற குரல் மட்டும் என்னுடையது. நானே உட்கார்ந்து பதிவு செய்தேன்.

முதல் நாள் மாமியார், எழில், அவருடைய ஆபீஸ் சிநேகிதர் பரசுராமன் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு 'எழுத்து' வரிக்கு இறங்கி, வெகுநேரம் தேடித் தேடி, ஒரு சொல் சேர்த்தார். 'மோட்டார்'. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் கண்ணும் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிப்போனது. செத்துப் பிழைத்து வந்த பிறகும் எனக்கு மோட்டார்தான். பின்பக்கம் போய்ப் பார்த்தேன், மோட்டார் ஓடவே இல்லை.

எழிலைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பெண். காலையில் ஸ்கூட்டியில் வருவாள், அவரைப் புரட்டிப் போட்டுத் துடைப்பாள், சிறுநீர்க் குழாயை மாற்றுவாள். கண்ணை ஒருமுறை மூடினால் ஆமாம், இரண்டுமுறை மூடினால் இல்லை என்று அவருக்குப் பழக்கியதும் அவள்தான். ஒருநாள் அவருடைய காலை நீவிவிடும்போது, "வலிக்குதா சார்?" என்று கேட்டாள். அவர் 'எழுத்து' பக்கம் போனார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. 'உன் ஸ்கூட்டி சத்தம் காது வலிக்குது' என்று சேர்ந்து முடிந்தபோது என் அடுப்பில் சோறே வெந்துவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, சாருக்கு குசும்பு ஜாஸ்திக்கா" என்று என்னிடமே வந்து சொன்னாள். எனக்கு நெஞ்சு எரிந்தது மேடம். அத்தனை அழுத்தல்களை அவர் அவளுக்காகச் செலவு செய்திருக்கிறார்.

அன்று மத்தியானம் 'எழுத்து' வரியை எடுத்தேன். விரல் களைத்துப்போகிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய் இல்லை, களைக்கத்தான் செய்தது. குறைவாக வைக்கிற திரைதான் நல்ல திரை.

சமையலறையில் நிற்கும்போது அவர் அழுத்துவது எனக்குக் கேட்கும். "எழில்" என்று என் குரலே கூப்பிடும். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா." இன்னொருத்தியை, அதுவும் என் வாயாலேயே, என் வீட்டுக்குள் அவர் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நான் வெங்காயம் நறுக்க வேண்டும். "என் புள்ள கண்ணு முழிச்சதும் என்னைத்தாம்மா கூப்புடுறான்" என்று மாமியார் வேறு போனில் பூரித்துப்போவார். 'மதி' கேட்கும். கேட்காமல் இல்லை. மற்றதெல்லாம் முடிந்த பிறகு கேட்கும்.

பொங்கல் கழிந்து எழிலை நிறுத்தினேன். வேலூரிலிருந்து வேறு ஆள் வருகிறார் என்றேன். அவள் அழுதாள். திரையில் அவள் வரியை எடுத்தேன். மறுநாளிலிருந்து அவர் 'வலி'யை அழுத்த ஆரம்பித்தார். நான் போய், எங்கே வலி, காலா, முதுகா என்று கேட்பேன். கண்ணை மூடிக் காட்டுவார். அது அவள் பழக்கிய பழக்கம், அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. என்னால் எதுவும் செய்ய முடியாத ஒன்றைத் திரையில் வைப்பது அவரை ஏமாற்றுவது ஆகும். அதனால் 'வலி'யையும் எடுத்தேன். தண்ணீர் நானே நேரத்துக்கு மூக்குக் குழாயில் ஊற்றிவிடுவேன், அந்த வரியும் வேண்டியிருக்கவில்லை. மாசியில் போன் லைன் கெட்டுவிட்டது என்று சொல்லி 'அம்மா'வை எடுத்தேன்.

மிஞ்சியது 'மதி'. கருநீலத்தில் பெரிய மஞ்சள் எழுத்து, நடுத்திரையில். என் தொழிலில் நான் செய்த மிக நல்ல திரை அதுதான்.

அன்று காலை முழுக்க அவர் கீழ் அம்புக்குறியையே அழுத்திக்கொண்டிருந்தார். இறங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, வீணாக எதற்கு என்று அந்தப் பட்டன் மேல் டேப் ஒட்டிவிட்டேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது என்று டி.வி.யின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தேன்.

ஆனால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாமியார் மலை சுற்ற வந்து எங்கள் வீட்டில்தான் தங்குவார். பரசுராமன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். எத்தனை பேரிடம் தூங்குகிறார் என்று சொல்வது? பங்குனி வெயில் தொடங்கியதும் கேட்டில் வேப்பிலைக் கொத்து செருகினேன். அவருக்கு அம்மை போட்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொன்னேன், ஊருக்கே போய்ச் சேர்ந்தது. பரசுராமன் கேட் வரை வந்து, வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அம்மை கண்ட வீட்டுக்குள் யார் வருவார்கள்?

அந்த வாரம்தான் அவர் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். முன்பு போல எப்போதோ ஒருமுறை இல்லை. காலையில் தொடங்கி, "மதி, மதி, மதி" என்று. ஓடிப்போய் நின்றால் என் முகத்தையே பார்ப்பார். கையைப் பிடித்தால் சூடாக இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. நான் கையை விட்டதும் மறுபடியும் அழுத்துவார். அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை இவ்வளவு தேடியதில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் பௌர்ணமி. சாயங்காலம் மாமியார் இரண்டு இளநீரோடு வந்தார். மூத்த மகன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அம்மை வீட்டுக்குள் வந்துபோய் அந்தக் குழந்தையைத் தொட முடியாது. கேட்டுக்கு வெளியே நின்று, "மாரியாத்தா, எம்புள்ளைய குளிர வையி தாயே" என்று உரக்க வேண்டிக்கொண்டார். என் கணவர் படுத்திருக்கிற அறையின் ஜன்னல் அங்கிருந்து பக்கம்தான். உள்ளே சத்தம் நிற்காமல் கேட்டது. "மதி, மதி, மதி."

"யாரும்மா உன்னைக் கூப்புடுறது?" என்றார்.

"அவருதான் அத்தை. இப்பல்லாம் என்னைத்தான் கூப்புடுறாரு."

"போம்மா, போய் இன்னான்னு கேளு. எம்புள்ளைக்கு உன்னை விட்டா யாரு இருக்காங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இளநீரைக் கேட்டடியில் வைத்துவிட்டு மலை சுற்றக் கிளம்பினார். மாமியார் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. உள்ளே போய் அதை என் கணவரிடம் அப்படியே சொன்னேன். அவர் கண்ணை மூடவே இல்லை.

மூன்றாம் நாள் சத்தம் குறைந்தது. ரொம்ப நேரத்துக்கு ஒருமுறை "மதி" என்று கேட்கும். மத்தியானத்துக்கு மேல் அதுவும் இல்லை. அப்போதுதான் வெளியே ஸ்கூட்டி சத்தம் கேட்டது. எழில் வேப்பிலைக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. "சார் இருக்கிற நெலமையில அம்மைன்னா டேஞ்சராச்சேக்கா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். போர்வையை விலக்கினாள். அடிவயிறு கல் மாதிரி வீங்கியிருந்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். அப்புறம் திரும்பி டி.வி.யைப் பார்த்தாள்.

"அக்கா, மத்த பட்டன்லாம் எங்கக்கா?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மாற்றுக் குழாய் போட ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும் என்றார். அந்த மூன்று நாளும் வலி தாங்கியிருக்கவே முடியாது என்றும் சொன்னார். நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியுமா என்று.

தெரியும் மேடம். குழாயில் மாட்டியிருக்கிற சிறுநீர்ப் பையைத் தினமும் காலி செய்கிறவள் நான்தான். முதல் நாளே பை நிரம்பவில்லை. போர்வையை விலக்கி வயிற்றையும் பார்த்தேன், திரும்பப் போர்த்தினேன். எழிலுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். போன் நன்றாகத்தான் இருந்தது, அவள் நம்பரும் எனக்கு மனப்பாடம். ஆனால் நீங்களே பாருங்கள், மூன்று நாளில் அவர் ஒருதரம்கூட எழிலைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் என்னைத்தான்.