விரலை எடும்

தேத்தண்ணி நல்லாய்த்தான் இருக்கிறது, தம்பி. சீனி மட்டும் கொஞ்சம் கூட. எனக்கு ஆங்கிலம் தெரியும். மவுண்ட் வெல்லிங்டன் தொழிற்சாலையில் வெள்ளைக்காரரோடுதான் வேலை. ஆனாலும் இதைத் தமிழில் சொன்னால்தான் பிசகாமல் வரும். நீர் பொலிஸ் அதிகாரிக்கு அப்படியே மொழிபெயர்த்தால் போதும்.

கேதீஸ்வரன் என் சிநேகிதர். தன் மனைவி ரதிதேவியைத் தானே தவறுதலாகச் சுட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வந்திருக்கிறேன்.

பழைய துவக்கு என்றால் எனக்குப் பைத்தியம். முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் பம்ப் துவக்குகள். ரதிதேவியைச் சுட்ட துவக்கும் அப்படி ஒன்று, அதை முதலில் கண்டவன் நான்தான். காலமான ஒரு வெள்ளைக்காரரின் வீட்டுச் சாமான்களுக்குள் கிடந்தது. விற்பனை நாளில் எனக்கு வேலை. வாங்கி வையும் என்று கேதீஸிடம் சொன்னேன். வாங்கினார், தனக்கே வைத்துக்கொண்டார். சிநேகிதத்துக்குள் இதெல்லாம் ஒரு கதையா? நான் சிரித்துக்கொண்டேன்.

வைத்திருப்பவர் ஒழுங்காக வைத்திருக்க வேண்டாமா? கராஜின் ஈரச் சுவரில் சாத்திவைப்பார். குழலில் துருவைக் கண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமைகளில் நகருக்கு வெளியே தகனினிப் பக்கம் ஒரு புல்வெளியில் களிமண் தட்டுகளை எறிந்து சுடுவோம். கேதீஸுக்கு ஒரு கெட்ட பழக்கம். விசையை அழுத்திய விரலை எடுக்காமலே முன்பிடியைத் தள்ளுவார். புதுத் துவக்கில் ஒன்றும் ஆகாது. அந்தக் காலத்துத் துவக்கு அப்படியல்ல. விரல் அழுத்தியபடி இருந்தால், தோட்டா ஏறியதும் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று, "விரலை எடும்" என்பேன். எடுப்பார்.

உடையாமல் புல்லில் விழுந்த தட்டுகளைப் பொறுக்கிவருவது ரதிதேவியின் வேலை. வெள்ளைக்காரர் பொறுக்கமாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒன்றையும் வீணாக்க மனம் வராது.

"யோகண்ணை, நீங்கள் பக்கத்தில நிக்கிறபடியால்தான் நான் நிம்மதியா முன்னுக்குப் போறன்" என்பா.

அன்றும் அப்படித்தான் போனா. அவ திரும்பும்வரை தோட்டா போடக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. கேதீஸ் கதைத்தபடியே போட்டுவிட்டார்.

"அண்ணை, திங்கக்கிழமை குழலை வெட்டக் குடுக்கப்போறன். நுனி ஒடுக்கம், அதுதான் தட்டில ஒண்டும் படுகுதில்லை."

நூறு வருடம் ஒருவரும் கை வைக்காத குழல். எனக்கே தந்துவிடும் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதச் சொல்லும். அவர் சிரித்தார். குழல் தாழ்ந்திருந்தது. விரல் விசையில் இருந்தது. ரதிதேவி குனிந்து நின்றா.

நீங்கள் கேட்க முன் நானே சொல்கிறேன், அவவைப் பார்த்தேன். "விரலை எடும்" என்பது வாய்வரை வந்தது. சொன்னால் எடுத்துவிடுவார், திங்கட்கிழமை குழலை வெட்டிவிடுவார். ஒருமுறை தவறாக வெடித்தால் பயந்துபோய் அதை இனித் தொடமாட்டார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அவர் முன்பிடியைத் தள்ளினார், வெடித்தது. அது சரியாகத்தான் போனது. இன்றுவரை தொடவில்லை.

இப்போது அவர் வேலைக்குப் போவதில்லை. ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. நான்தான் சோறு கொண்டுபோகிறேன். "நான் விரலை எடுக்கேல்லையே அண்ணை" என்று அழுவார். சாப்பிடும்வரை முதுகைத் தடவிவிடுவேன்.

நேற்றுத்தான் சொன்னார், உங்களிடம் இருக்கும் துவக்கை உருக்கிவிடச் சம்மதித்துவிட்டாராம். விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன்.

கொன்றது நான். அதில் எனக்கு வாதம் இல்லை. தம்பி, இந்த இடத்தை மட்டும் கவனமாக மொழிபெயரும்: துவக்கில் ஒரு பிழையும் இல்லை, அதை உருக்க வேண்டாம். குழலுக்கு யாராவது எண்ணெய் போடுகிறார்களா என்றும் கேட்டுச் சொல்லும்.