அறுபத்திரண்டில் நிற்கும் நிறுவல்

அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுபோன மென்பொருள் நிறுவலைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் அது உயிரோடுதான் இருக்கும். பச்சைப் பட்டை அசையவில்லை என்றதும் மக்கள் மவுஸைப் பிடித்துப் படபடவென்று அழுத்துகிறார்கள், கணினியை அணைத்துப் போடுகிறார்கள். பாவம், அது எதற்கோ காத்திருக்கும். எதற்கு என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இந்தக் கிளையில் கணினிகள் வந்த நாளிலிருந்து அவற்றை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

என் தங்கையின் சிக்கல் கொஞ்சம் விசித்திரமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடமாற்றத் தேர்வு எழுதுவதற்கான மென்பொருள் மற்ற எல்லாருக்கும் நான்கே நிமிடத்தில் ஏறிவிடுகிறது. அவளுக்கு மட்டும் அறுபத்திரண்டில் நிற்கிறது. இது மூன்றாவது ஆண்டு. வேறு கணினி கொடுத்தேன், நின்றது. வேறு மேசைக்கு மாற்றினேன், அங்கும் நின்றது. அலுவலகத்தில் அவளுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். "என்ன அறுபத்திரண்டு, சாப்டாச்சா?" என்பார் கணக்கர். "நூறு ஆகட்டும் சார், அப்புறம் சாப்பிடறேன்" என்பாள் இவள்.

மேலாளர் சார், நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். புரிகிறது. இன்று ஐந்து மணிக்குள் அவள் தேர்வைத் தொடங்கியாக வேண்டும். அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது முடிகிறது, அதற்குப் பிறகு விண்ணப்பிக்க முடியாது. வேறு ஊர்க் கிளையில் இடம் காலியாக இருக்கிறது. அங்கே ஓர் அறைகூடப் பார்த்து வைத்திருக்கிறாள். மாடியில், தனி வாசலோடு. அந்த அறையின் படத்தைக் கைபேசியில் அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து பார்க்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அலுவலகக் கைபேசிகளும் என் பொறுப்பில்தான் வருகின்றன.

நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும், பணியாளர் பிரிவிலிருந்து வந்திருக்கும் மேடத்துக்கும் புரியும்.

வீட்டுக் கணினியில் நாம் நினைத்ததை நிறுவலாம். அலுவலகக் கணினி அப்படியல்ல. அதற்கு மேலே ஒரு நிர்வாகக் கணினி இருக்கிறது, எதுவானாலும் அதைக் கேட்டுத்தான் நடக்கும். மென்பொருள் முதலில் கோப்புகளை இறக்கிக்கொள்ளும். இடம் போதுமா என்று பார்க்கும். வேறு நிறுவல் ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்கும், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடலாம். இதெல்லாம் முடியும்போது பட்டை அறுபத்திரண்டில் இருக்கும். அடுத்ததாக அது மேலே ஒரு கேள்வி அனுப்பும்: இந்த ஆளுக்கு நிறுவலாமா?

அதற்கு மூன்று பதில்கள் உண்டு. சரி என்றால் நிறுவல் தொடரும். கூடாது என்றால் திரையில் சிவப்பு எழுத்தில் காரணம் வந்துவிடும். மூன்றாவது பதில், பொறு. அதைப் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவதே இல்லை. பொறு என்றால் சிவப்பு எழுத்தும் வராது, காரணமும் வராது. கேட்டது கேட்டபடி நிற்கும். எனக்கு அதன் அழகு மிகவும் பிடிக்கும். கூடாது என்றால் ஆள் சண்டைக்கு வருவார். பொறு என்றால் பொறுத்துக்கொண்டே இருப்பார்.

என் தங்கைக்கு நான் ஒருநாளும் எதையும் கூடாது என்று சொன்னதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

முதல் ஆண்டு அம்மா படுக்கையில் இருந்தார். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. புரட்டிப் போட, ஊட்டிவிட, துடைத்துவிட ஒருவர் வேண்டும். காலையில் ஓர் ஆயா வருவார், மதியம் போய்விடுவார். அதற்காகவே இவளுக்கு அரைநாள் வேலை வாங்கிக் கொடுத்திருந்தேன். இவள் வேறு ஊருக்குப் போனால் என்ன ஆகும்? உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்பீர்கள். பேசினால் அழுவாள், நானும் சத்தம் போடுவேன், அம்மா கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். நிர்வாகக் கணினியில் ஒரு வரி மாற்றினால் யாருக்கும் வருத்தமில்லாமல் முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று மட்டும் நின்றால் சந்தேகம் வரும். அதனால் அவளுக்கு மற்ற சிலவற்றையும் நிறுத்தி வைத்தேன். அவள் அனுப்பினால் அச்சு இயந்திரம் அசையாது. விடுப்பு விண்ணப்பம் பாதியில் நிற்கும். வருகைப் பதிவு இயந்திரம் அவள் விரலை மட்டும் ஏற்காது. ஒருநாள் வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வரும்போது கேட்டாள்.

"ஏண்ணா எனக்கு மட்டும் இப்படி ஆகுது? என் கையில ஏதாவது கோளாறா?"

"சில பேருக்கு அப்படித்தான்மா."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவளே நம்பிக்கொண்டாள். அடுப்பைப் பற்றவைக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். விளக்குச் சுவிட்சை முழங்கையால் தட்டுவாள். அம்மாவின் மாத்திரையைக்கூடக் கரண்டியில் எடுத்துத்தான் வைப்பாள்.

ஒருநாள் மாலை அம்மாவுக்குக் கஞ்சி புரையேறியது. தூக்கி உட்கார வைத்து முதுகில் தட்டியிருக்கலாம். இவள் தொடவில்லை. "நான் தொட்டா ஏதாவது ஆயிடும்ணா, நீ சீக்கிரம் வா" என்று எனக்குப் போன் செய்தாள். நான் போவதற்குள் முடிந்துவிட்டது. இவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். நான் திட்டவில்லை. உன் மேல் தப்பில்லை என்று உறவுக்காரர்கள் எல்லார் முன்னாலும் சொன்னேன். மற்ற அண்ணன்கள் அப்படிச் சொல்லியிருப்பார்களா என்று தெரியாது.

அம்மா போன பிறகும் ஏன் என்று மேடம் கேட்கிறார். நியாயமான கேள்வி. வேலை முடிந்து நான் தெருமுனையில் திரும்பும்போது வீட்டில் விளக்கு எரியும். பூட்டிய வீட்டைத் திறந்து எனக்குப் பழக்கமில்லை. அதோடு, கையை நம்பாத ஒருத்தி தனி வாசல் இருக்கிற அறையில் எப்படி இருப்பாள்? அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். அந்த வரியைக் கணினியின் பெயரில் போட்டிருந்தால், அவள் இடம் மாறியதும் மென்பொருள் ஏறிவிடும். அதனால் அவள் பெயரிலேயே போட்டேன். எந்தக் கணினியில் நுழைந்தாலும் கூடவே போகும். வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் வேறொருவர் பெயரில் நுழைந்துவிட்டு இவளை உட்கார வைப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. இன்று மதியம் கணக்கர் விளையாட்டாக அதைச் செய்தார். "என் பேர்ல திறந்து வச்சிருக்கேன், நீ வந்து அமுக்கு. உன் கையில காந்தம் இருக்கான்னு பார்த்துடுவோம்." இவள் பயந்து பயந்து ஒரு விரலால் அழுத்தினாள். பட்டை நூறுக்குப் போய்விட்டது.

அவர் கைதட்டினார். இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்ப கை இல்ல சார். பேரு." நேராக உங்கள் அறைக்கு வந்தாள்.

கணக்கர் பெயரில் ஏறியது அவருக்கு மட்டும்தான் திறக்கும், அதனால் அது இவளுக்குப் பயன்படாது. தலைமை அலுவலகத்துக்கு நீங்கள் போன் போட்டபோது, உங்கள் கிளையின் கணினி நிர்வாகியைக் கேளுங்கள் என்றார்கள். அது நான்தான். கதவைச் சாத்திக்கொண்டு நாம் நான்கு பேரும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். மடிக்கணினி அவள் மடியில் இருக்கிறது, பட்டை அறுபத்திரண்டில் நிற்கிறது. நான் பேசப் பேச அவள் நடுவில் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தாள்.

"அண்ணா, அம்மாவப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். முதல்ல இதச் சொல்லிடுண்ணா."

எதையும் அரைகுறையாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் முதலிலிருந்து சொன்னேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. நேரம் போனதே தெரியவில்லை. ஐந்து அடித்துவிட்டது. தேர்வுப் பக்கம் இந்நேரம் தானாகவே மூடியிருக்கும்.

நீங்கள் கேட்டது இதுதான். நிர்வாகக் கணினியில் பயனர் விதிகளைத் திறந்தால், காத்திருப்போர் என்றொரு குழு இருக்கும். அதில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. அதை நீக்கிவிட்டு அவளுடைய கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். நான்கு நிமிடத்தில் ஏறிவிடும்.