செந்தமிழனின் பெராரி

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரின் விசிறி சத்தம் போடுகிறது, சார். உள்ளே தூசி அடைத்திருக்கும். பெயிண்ட் அடிக்கிற பிரஷ் ஒன்று கொடுத்தால் உட்கார்ந்த வாக்கில் சரிசெய்து கொடுத்துவிடுவேன். வேண்டாமா, சரி. பழக்கதோஷம்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

நான் வரதன். உத்திரமேரூர் பஜார் தெருவில் கேம் கடை வைத்திருக்கிறேன். நேற்று எலக்ட்ரீஷியன் பாண்டுரங்கனைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். பாவம், அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என் கடைக்கு வயரிங் செய்தவன் அவன்தான், ஆனால் அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும்.

முதலில் பிரௌசிங் சென்டராகத்தான் ஆரம்பித்தேன். பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள், பிறகு ஆளே இருக்காது. கார் ரேஸ் கேம் ஒன்றைப் போட்டுவிட்ட பிறகுதான் கடைக்கு உயிர் வந்தது. கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், டெய்லர் கடைப் பையன்கள் எல்லோரும் வருவார்கள். சொந்தமாக ஒரு மொபெட்கூட இல்லாதவர்கள்தான் பாதிப் பேர். ஆனால் லம்போர்கினிக்கும் போர்ஷேவுக்கும் எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். நான் சென்னையிலிருந்து ஒரு ஸ்டியரிங் செட் வாங்கிவந்து, வெல்டிங் கடையில் இரும்பு மேசை அடித்து, அதில் பொருத்தி வைத்தேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஸ்டியரிங் வைத்த கடை என்னுடையது மட்டும்தான்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஏற்படுத்தியது. புது கேம் வரப்போகிறது என்று தெரிந்ததும், அதில் எந்தெந்தக் கார் கம்பெனி வரும் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் ஆகாது. எல்லோர் முன்னாலும் மானிட்டர் தலையில் கைவைத்துச் சொல்ல வேண்டும். ஒருவன் சொன்னதை இன்னொருவன் சொல்லக்கூடாது. சொன்ன கம்பெனி வந்துவிட்டால், அடுத்த கேம் வரும்வரை அது அவனுடையது. வேறு யாராவது அதை எடுக்க வேண்டுமென்றால் அவனைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். புது சிடி போட்ட அன்று முதல் ரவுண்டும் அவன்தான் ஓட்டுவான். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் அதை அவர்கள் கோயில் காரியம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். டெய்லர் கடை முத்துவேல் ஒவ்வொரு தடவையும் அம்பாசிடர் என்று சொல்லிவிட்டு அடிவாங்குவான்.

நான் எப்போதும் பெராரிதான் சொல்வேன். சின்ன வயதில் காஞ்சிபுரத்தில் ஒரு சலூன் சுவரில் அந்தச் சிவப்பு வண்டியின் படத்தைப் பார்த்தது, மனதை விட்டுப் போகவே இல்லை. ஒவ்வொரு கேமுக்கும் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் வரவில்லை. அந்தக் கம்பெனி பெயர் கொடுக்க மறுக்கிறதாம் என்று சென்னை ரிச்சி தெருவில் சிடி விற்கிற ஆள் சொல்வான். "அண்ணன் சொல்றதாலதான் அது வரமாட்டேங்குது" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். போன தடவை எனக்கே சலித்துப்போய் போர்ஷே என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு செந்தமிழன் எழுந்துவந்து மானிட்டரில் கைவைத்தான்.

"அப்ப பெராரி எனக்குண்ணா" என்றான். "நீங்க வுட்டுட்டீங்க. யாருமே எடுக்கலன்னா பாவமா கீது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செந்தமிழன் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியைச் சேர்ந்தவன். குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுவான். அப்பா இல்லை, அம்மா சிட்டம்மாள் நடவுக்கும் களை எடுக்கவும் போவாள். வாரம் முழுக்கக் கல்லோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குளித்து, தலைவாரிக்கொண்டு வருவான். ஸ்டியரிங்கில் அவன் கை வைத்தால் அவ்வளவு நிதானமாக இருக்கும். வளைவில் பிரேக்கைத் தொடவே மாட்டான். அவன் ஓட்டுவதைப் பார்க்கிறதற்காகவே வருகிற ஆட்கள் இருந்தார்கள், அதில் நானும் ஒருவன். அவன் மீது எனக்குப் பிரியம் உண்டு, சார். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். என் கடையில் நான் சாதி பார்த்ததே கிடையாது. பஜார் தெருவில் எத்தனை கடையில் காலனிப் பையன்களை உள்ளே உட்கார விடுகிறார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். நான் விட்டேன். தாகம் என்றால் தண்ணீர் கொடுத்தேன். செந்தமிழனுக்கென்றே ஒரு பிளாஸ்டிக் தம்ளர் வாங்கிவைத்திருந்தேன். பச்சை நிறத் தம்ளர். யாரும் அதை மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று தனியாக ஜன்னலில் வைத்திருப்பேன்.

ஐப்பசி ஆரம்பத்தில் சிடிக்காரன் போன் செய்தான். புது கேம் வந்துவிட்டது, போர்ஷேவோடு பெராரியும் இருக்கிறது என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் கைவிட்ட தடவை பார்த்து வந்ததே என்று வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

சாயங்காலம் செந்தமிழன் வேலை முடிந்து அந்த வழியாக வந்தான். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பிறகு நான் நியாயமாகத்தான் கேட்டேன்.

"போர்ஷேவை நீ வெச்சிக்கடா. பெராரியை எனக்குக் குடுத்துடு."

அவன் யோசித்தான். உடனே மறுத்திருந்தால்கூட நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பேன். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னான்.

"கோச்சிக்காதீங்கண்ணா. எனக்குன்னு ஒண்ணு இப்பதான் வந்துகீது. நீங்க எப்ப வேணாலும் ஓட்டுங்க. எடுக்கறதுக்கு மின்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, அவ்ளோதான். நீங்க போட்ட ரூல்தானண்ணா."

சிரித்துக்கொண்டே சொன்னான். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. அது பொய் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் மனைவி சுலோச்சனா என்ன என்று கேட்டாள், சொன்னேன்.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா பூடுவே?" என்றாள்.

அவளுக்குக் கடை நடத்துவதைப் பற்றித் தெரியாது.

எல்லா வழியையும் யோசித்துப் பார்த்தேன், சார். அவசரக்காரன் இல்லை நான். வழக்கத்தையே எடுத்துவிடலாம், ஆனால் தனக்கு வந்ததும் மாற்றிவிட்டான் என்று பையன்கள் பேசுவார்கள். சிடி வரவில்லை என்று சொல்லலாம், எத்தனை நாளைக்குச் சொல்வது. வழக்கப்படியே விட்டால், என் கடையில், என் காசில் வாங்கிய ஸ்டியரிங்கில், அத்தனை பேர் பார்க்க, "எடுத்துக்கட்டுமா செந்தமிழா" என்று நான் கேட்க வேண்டும். அவன் தலையாட்ட வேண்டும். அந்தத் தலையாட்டல்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது. வேறு யாராக இருந்தாலும் எனக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. கடை கொள்ளாத கூட்டம். கம்ப்யூட்டர் கடை என்றால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், அது உங்களுக்கும் தெரியும். எல்லோரும் ஈரக்காலோடு வந்தார்கள். ஸ்டியரிங் மேசைக்குக் கீழே எப்போதும் ஒரு ரப்பர் பாய் கிடக்கும். அந்த இரும்பு மேசையில் லேசாகக் கரண்ட் வருகிறது என்று முன்பு ஒருமுறை பாண்டுரங்கனிடம் சொன்னேன். அவன் வந்து எர்த் கம்பி போட்டு, போதாததற்கு அந்தப் பாயையும் விரித்துவிட்டுப் போயிருந்தான். "இது ரெண்டையும் எடுத்துடாதண்ணா, ஆளைத் தூக்கிடும்" என்று படித்துப் படித்துச் சொன்னான். கெட்டிக்காரன்.

அன்றைக்குப் பாய் அங்கே இல்லை. காலையிலேயே சுருட்டிப் பின்கட்டில் வைத்திருந்தேன். தரையைத் துடைத்தேன், துடைத்த தண்ணீரை மேசைக்கடியில் அப்படியே விட்டுவிட்டேன்.

செந்தமிழன் புதுச்சட்டை போட்டு வந்தான். பையன்கள் வழிவிட்டார்கள். சொன்ன கம்பெனி வந்தது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான், நான் ஓட்டவில்லை என்று சொல்லிவிட்டதால் முதல் ரவுண்டு அவனுடையது, வேறு யாரும் அதில் கைவைக்க வாய்ப்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணா, ஆரம்பிக்கட்டுமா" என்று கேட்டான். அவனுடைய கம்பெனி, அவனுடைய ரவுண்டு, என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்டான். நான் தலையாட்டினேன்.

ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொள்ள இரண்டு கையாலும் மேசையைப் பிடித்தான். அவ்வளவுதான். அவன் சத்தம்கூடப் போடவில்லை. திரையில் மற்ற வண்டிகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன, சிவப்பு வண்டி மட்டும் கோட்டிலேயே நின்றது. அவன் விளையாட்டுக்கு உடம்பை வெட்டி இழுக்கிறான் என்று முத்துவேல் முதலில் சிரித்தான். மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான். எனக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். கொஞ்சம் மெதுவாகப் போனேன்.

அன்று நான் அழுதது நடிப்பில்லை. அவன் கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டே அழுதேன். அந்தக் கை கல் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போய் இருந்தது. இத்தனை நாளில் அவன் கையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் மாதிரி வளைவில் ஓட்ட இனி ஒருவன் வர மாட்டான்.

அவனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பையன்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவு செய்திருக்கிறார்கள். பெராரி செந்தமிழனுடையது, அவன் போனபிறகு அது அவன் அம்மாவுடையது, எடுப்பதாக இருந்தால் சிட்டம்மாளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று. என்னிடம் யாரும் கலந்துகொள்ளவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சிட்டம்மாளே கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"எம்புள்ள உக்காந்த எடத்தைக் காட்டு நைனா" என்றாள்.

காட்டினேன். நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள், உட்காரவில்லை. அந்த வண்டி எது என்று கேட்டாள். போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எனக்குன்னு காரு வந்துகீதுமான்னு அன்னிக்கு வூட்டுக்கு வந்து ஆட்டம் போட்டான். கம்ப்யூட்டருல ஓட்ற காருதான்னு எனக்கும் தெரியும் நைனா. இருந்தாலும் அவன் பேர்ல வந்த மொத பொருளு அது."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது இப்ப என்னுதுன்னு பசங்க வந்து சொன்னாங்க. எனக்கு இன்னாத்துக்கு அது? எத்தினியோ வருசமா நீதான் ஆசப்பட்டுக்கினு இருந்தேன்னு அவன் சொல்லுவான். எம்புள்ளைய உள்ள வுட்டு சரிசமமா உக்கார வச்சவன் நீ ஒருத்தன்தான். நீயே எடுத்துக்கோ. நான் மனசாரக் குடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு, பையன்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல, மானிட்டர் மேல் கையை வைத்து எடுத்தாள். பிறகு மழையில் நடந்தே போனாள்.

அவள் போனதும் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். எர்த் கம்பி, பாய் எல்லாம் இப்போது அதனதன் இடத்தில் இருக்கிறது, நானே திரும்ப வைத்துவிட்டேன். இத்தனை வருடம் காத்துக்கிடந்த வண்டி எதிரே நிற்கிறது. தடை சொல்ல ஆளில்லை. ஆனால் என்னால் ஓட்ட முடியவில்லை. ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை, விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். பாயை எடுத்தது நான். எர்த் கம்பியை ஸ்குரூ டிரைவரால் கழற்றியது நான். தண்ணீரை விட்டது நான். யார் முதலில் உட்காருவான் என்று தெரிந்தே செய்தேன். சும்மா பயமுறுத்துவதற்காகச் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும், ஆனால் அது உண்மை இல்லை. செந்தமிழனைக் கொன்றது நான்தான்.

மனசாட்சி உறுத்தி வந்தாயா என்று கேட்கிறீர்கள். அப்படியே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். சிட்டம்மாள் தர மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட நான் பேசாமல் கடையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். அந்தப் பொம்பளை கொடுத்து நான் வாங்குவதா, சார்? அதற்கு ஜெயிலே மேல்.