பழிவாங்கும் தேவதைக்கு மூன்று விதிகள்

— வெட்டிட்டேன் அக்கா! மூணு பகடையும் சேர்ந்து பதினெட்டு! அத்தானோட திருடன் காலி. தலை அந்தப் பக்கம், உடம்பு இந்தப் பக்கம்!

— மன்னிச்சுக்கோ மச்சான்.

— பாரு அக்கா, மறுபடியும்!

— கத்தாதடா. வாள் கழுத்துல படறதுக்கு முன்னாடியே மன்னிப்பு கேட்டுட்டார். பழிவாங்கும் தேவதை நீ, மன்னிப்பு கேட்டவனை வெட்டக் கூடாது. வெட்டினா சிறகு உதிர்ந்துடும். ரெண்டாவது விதி.

— ராணியோட குதிரையைத் திருடினார், மன்னிச்சுக்கோன்னார். கலங்கரை விளக்கத்துல இருந்த விளக்கையே கழட்டிட்டுப் போனார். கப்பல் பாறையில மோதி ஊரே அழுதுட்டு இருக்கு, இவர் மீசையைத் தடவிக்கிட்டு மன்னிச்சுக்கோங்கறார். இதெல்லாம் ஒரு மன்னிப்பா?

— விதின்னா விதிதான் மச்சான். நானா எழுதினேன்? இந்த ஆட்டத்துக்கு நடுவர் உங்கக்கா.

— என் கவசத்தைத் திருடினப்பவாவது வெட்ட விட்டியா அக்கா?

— அது மூணாவது விதி. தனக்கு நடந்ததுக்குத் தேவதை பழிவாங்கக் கூடாது. அடுத்தவங்களுக்காகத்தான் வாளைத் தூக்கணும்.

— அப்போ எனக்கு எதுக்கு வாள்? வெங்காயம் நறுக்கவா? முதல் விதிப்படி பொய்யும் சொல்லக் கூடாது. சதுரங்க ராணிக்குக் காகிதச் சிறகு ஒட்டினதுக்குப் பதிலா நானும் ஒரு பாட்டில் மூடியை எடுத்துக்கிட்டுத் திருடனா வந்திருக்கலாம்.

— அதுக்கும் திறமை வேணும்பா. ஏம்மா, என் மூடியைக் கோட்டை வாசலுக்கு நகர்த்து. நான் கிளம்பறேன்.

— முடியாதுங்க. வாள் கழுத்துலயேதான் இருக்கு. ரெண்டாவது விதியை முழுசா படிச்சீங்களா? வாய்க்கு வந்தபடி கேக்கற மன்னிப்பு ரெண்டு தடவைதான் செல்லும், இது மூணாவது. அதுக்கு மேல தப்பணும்னா, நிஜமா செஞ்ச, யாருக்கும் தெரியாத தப்பு ஒண்ணைச் சொல்லணும். அப்பதான் வாள் ஆறும்.

— இதை எப்போ சேர்த்தே?

— ஆரம்பத்துலேருந்தே இருக்கு. எதையும் பாதி படிக்கறது உங்க பழக்கம்.

— சொல்லுங்க அத்தான், சொல்லுங்க!

— பாலத்துல ஒரு கிழவனோட செருப்பை எடுத்தேன்.

— அது மொத்த ஊருக்கும் தெரியும்.

— அப்போ திருடன்கிட்ட சரக்கு தீர்ந்துபோச்சு. என் சொந்தக் கணக்குல சொல்லலாமா?

— நிஜமா செஞ்சதுதானே வேணும்? தாராளமா.

— உன் லேப்டாப்ல காப்பியைக் கொட்டினது பூனை இல்லை.

— தெரியும். அன்னிக்குப் பூனை டாக்டர்கிட்ட இருந்தது. வாள் சூடாத்தான் இருக்கு.

— உங்கம்மா வந்தப்போ எனக்குக் காய்ச்சலே இல்லை.

— அது எங்கம்மாவுக்கே தெரியும்.

— சீக்கிரம் அத்தான், தேவதைக்குக் கை வலிக்குது.

— இரு, இரு. பிடிச்சுட்டேன்! மச்சான், மூணாவது விதி என்ன?

— எனக்கு நடந்ததுக்கு நான் வெட்டக் கூடாது.

— அப்போ உனக்கே செஞ்சதைச் சொன்னா? வாள் தொடாது! எப்படி என் மூளை! எங்க ஆபீஸ்ல வரைபடப் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டியே, ஞாபகம் இருக்கா?

— இல்லாம என்ன? அது கிடைச்சிருந்தா நான் ஏன் குடோன்ல பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு இருக்கேன்?

— மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உங்க மச்சான் எப்படின்னு கேட்டார். சரியான சோம்பேறி சார், ஒரு வாரம் தாங்க மாட்டான்னு சொன்னேன்.

— சோம்பேறின்னா சொன்னீங்க?

— அட, முறைக்காதப்பா. தண்டனையை நானும்தான் அனுபவிக்கறேன். ரெண்டு வருஷமா என் சோபாவுலதானே தூங்கறே.

— ஏன் அத்தான்?

— ஏனா? மேஜையில விரிச்சிருக்கற இந்த வரைபடத்தைப் பாரு. கடலு, தீவு, கோட்டைன்னு ஒரு மூலை விடாம நீ வரைஞ்சது. அங்கே வந்திருந்தா ஆறே மாசத்துல எனக்கு மேலே போய் உக்காந்திருப்பே.

— அக்கா, இதுக்கு மட்டும் அவர் மன்னிச்சுக்கோன்னு சொல்லலை. கவனிச்சியா?

— எதுக்குச் சொல்லணும்? உன்னாலதான் வெட்ட முடியாதே! விதின்னா விதிதான். ஏம்மா, நடுவர் நீதானே, சொல்லேன்.

— ஆமாங்க. தனக்காக அவன் வாளைத் தூக்க முடியாது. தம்பி, எழுந்து என் நாற்காலிக்கு வா. இனிமே நடுவர் நீ. அந்தச் சிறகை இப்படிக் குடு.