கழுதை வளைவின் ஹார்ன்

விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். கதவு சாத்தியிருக்கிறதா? சரி. அங்கே மூலையில் யார் சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள். நாளைக் காலையில் நம் வண்டியும் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும்.

நவம்பர் மாதம். இரவு ஒன்பது மணி இருக்கும். ஹின்டர்டால் பள்ளத்தாக்கிலிருந்து கீழே இறங்கும் சாலை. ஒரு பக்கம் பாறை... மறுபக்கம் ஒன்றும் கிடையாது. கையை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. அதில் ஒரே ஒரு வேன் ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் அல்பான், என் சிநேகிதன் மோரிட்ஸின் சித்தப்பா மகன். பின்சீட்டில் அவன் மனைவி ஒடிலியா. தலைப்பிரசவம். வலி எடுத்துவிட்டது. டாக்டரோ கீழே, ஆற்றங்கரை ஊரில்.

இதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் விளங்கும்.

அல்பானுக்கும் ஒடிலியாவின் அண்ணன் செவெரினுக்கும் ஒரே தொழில். கோடை முழுக்க டூரிஸ்ட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு மூன்று பள்ளத்தாக்குகளைச் சுற்றிக் காட்டுவது. காலையில் பனியாறு, மதியம் சீஸ் குடிலில் சாப்பாடு, சாயங்காலம் கணவாயில் போட்டோ. வழியில் கழுதை வளைவு என்று ஒன்று. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் வளைவுக்கு முன்னால் மூன்று சுருதி ஹார்னை அடிக்க வேண்டும். டா... டீ... டோ. அந்தப் பக்கத்திலிருந்து பதில் ஹார்ன் வந்தால் நின்று, பின்னால் நகர்ந்து வழிவிட வேண்டும். எங்கள் மலையில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அல்பானுக்கு இதில் ஒரு விளையாட்டு. வளைவுக்கு அப்பால் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பான். செவெரின் ஹார்ன் அடித்ததும் இவன் பதில் கொடுப்பான். பாவம், செவெரின் வண்டி நிறைய ஆட்களோடு ரிவர்ஸில் போவான். எதிரே எதுவும் வராது. இவன் வண்டியில் இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"டேய் அல்பான், இன்னிக்கும் நீதானே? பயத்துல ஒரு அம்மா என் தோள்பட்டையக் கடிச்சு வெச்சிட்டாங்கடா!"

"ஹார்ன் கேட்டா நிக்கணும் மச்சான். நீதான் ரூல்ஸ் பேசுற ஆளாச்சே."

"வேணாம்டா. அந்த எடம் விளையாடுற எடம் இல்ல."

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? அந்த இரவுக்கு முந்தின வருடம் அக்டோபரில், சீசனின் கடைசி நாள். இரண்டு பேருமே டூரிஸ்ட்டுகளை இறக்கிவிட்டுத் தனியாக வந்தார்கள். நல்ல மூடுபனி. செவெரின் ஹார்ன் அடித்தான். இவன் பதில் கொடுத்தான். அவன் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. இவன் மறுபடி அடித்தான், இன்னும் போ என்று. அவன் இன்னும் நகர்ந்தான். இவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னொரு தடவை அடித்தான்... என்ஜின் சத்தம் சட்டென்று உயர்ந்தது. அப்புறம் கற்கள் உருளும் சத்தம். அப்புறம் வெகுநேரத்துக்குச் சத்தமே இல்லை.

அல்பான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்குப் போய்விட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. சவப்பெட்டியில் செவெரினுக்கு அவனுடைய சாம்பல் நிற டிரைவர் கோட்டை மாட்டிவிட்டதும் இவன்தான். விழுந்ததில் ஒரு பித்தளைப் பொத்தான் அறுந்திருந்தது. ஒடிலியா அழுதுகொண்டே கையில் கிடைத்த சிவப்பு நூலால் அதைத் தைத்தாள். பெட்டியை மூடி ஆணி அடித்ததை ஊரே பார்த்தது.

அடுத்த கோடையில் ஆரம்பித்தது. கழுதை வளைவில் அல்பான் ஹார்ன் அடித்தால் பதில் வரும். டா... டீ... டோ. நிறுத்துவான். எதுவும் வராது. டூரிஸ்ட்டுகளிடம் கேட்டால், "எங்க காதுல ஒண்ணும் விழலையே" என்பார்கள். கூடவே செவெரின் பிடிக்கும் பைப் புகையிலையின் வாடை. இவன் பயந்துபோய் ஒருநாள் ஹார்னையே கழற்றி ஆற்றில் எறிந்துவிட்டான். நாம் கூப்பிட்டால்தானே பதில் வரும் என்ற கணக்கு. அதற்குப் பிறகு வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் வழக்கம்.

அந்த இரவுக்கு வருகிறேன்.

வேனுக்குள் ஒடிலியா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். திடீரென்று கேட்டாள்:

"அல்பான்... அண்ணன் விழுந்த அன்னிக்கு நீ எங்க இருந்த?"

"இப்ப எதுக்கு அது? மூச்ச இழுத்து விடு."

"எங்க இருந்த?"

"வீட்லதான்."

"வீட்ல நான் இருந்தேன்."

கழுதை வளைவு வந்துவிட்டது. அவன் வண்டியை நிறுத்தினான்.

"எதிர்ல ஏதாச்சும் வருதான்னு பாத்துட்டு வந்துடறேன். ரெண்டே நிமிஷம்."

"என்னைத் தனியா விட்டுட்டுப் போகாத... ஹார்ன் அடிச்சிட்டுப் போயேன்!"

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

டார்ச் வெளிச்சம் மூடுபனியில் இரண்டடிக்கு மேல் போகவில்லை. பாறையைத் தடவிக்கொண்டே வளைவைத் தாண்டினான். சாலை காலி. அப்பாடா என்று திரும்பினான்...

டா... டீ... டோ.

பின்னாலிருந்து. வேன் நிற்கும் திசையிலிருந்து.

கால் அப்படியே நின்றுவிட்டது. தன் வண்டியில் ஹார்ன் இல்லை. அது அவனுக்குத் தெரியும். அப்படியானால் இது யார்?

டா... டீ... டோ. டா... டீ... டோ. இதற்கு முன் எப்போதும் இப்படி விடாமல் அடித்ததில்லை. பைப் புகையிலை வாடை மூக்கில் ஏறியது. அல்பான் பாறை இடுக்கில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"செவெரின்! பழி வாங்குறியா? அன்னிக்கு நான் கூப்பிட்டு நீ ஏமாந்த. இன்னிக்கு நீ கூப்பிட்டு நான் வருவேன்னு பாத்தியா? வர மாட்டேன், போ!"

ஹார்ன் நிற்கவில்லை. இடைவெளியே இல்லாமல் அலறியது. எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. கடைசியில் ஒரே ஒரு தடவை, மெதுவாக அடித்தது. அதோடு ஓய்ந்தது.

அதற்குப் பிறகும் அவன் உடனே எழுந்திருக்கவில்லை. ஓய்ந்ததே ஒரு தந்திரமாக இருந்தால்? நன்றாக ஆறப்போட்டுவிட்டுத்தான் நடந்தான், பாவி.

வேன் நின்ற இடத்திலேயே நின்றது. பின்கதவு திறந்திருந்தது. ஒடிலியா சீட்டில் மல்லாந்து கிடந்தாள். சீட்டெல்லாம் இரத்தம். கண் திறந்திருந்தது, அவன் போன திசையையே பார்த்தபடி. அவள் நெஞ்சின்மேல் ஒரு பெண் குழந்தை, உயிரோடு, கத்திக்கொண்டு, துணியில் இறுக்கமாகச் சுற்றப்பட்டு.

டாக்டர் வீட்டு வாசலில் அவன் வண்டியை நிறுத்தியபோது அவள் உடம்பு சில்லிட்டுவிட்டது. டாக்டர் நல்ல மனுஷன்தான், ஆனாலும் அவருக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை.

"ரத்தப்போக்குய்யா! கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா நிறுத்தியிருப்பேன். பிழைச்சிருப்பா. நீ பக்கத்துலதானே இருந்த? உன்னை அவ கூப்பிடவே இல்லையா?"

இதையெல்லாம் அல்பான் மோரிட்ஸிடம் சொன்னதே இரண்டு வருடம் கழித்து, குடித்துவிட்டு.

உள்ளே நர்ஸ் குழந்தையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். "பரவால்ல, குழந்தைக்குக் குளிர் படாம நல்லாத்தான் சுத்தியிருக்கே. யாரோட கோட்டு இது? ஒரே புகையில நாத்தம்" என்று சொல்லிக்கொண்டே அவன் கையில் கொடுத்தாள்.

சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. ஈர மண் ஒட்டியிருந்தது. பித்தளைப் பொத்தான்கள். அதில் ஒன்று மட்டும் சிவப்பு நூலில் தைத்தது.