முதல் ஸ்லைடில் இருந்த வருடம்

நீங்கள் வரவழைத்த டீ ஆறிப்போகிறது. தவறாக நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வெளியே நான் எதுவும் குடிப்பதில்லை. அறுபத்தொன்பது வயதாகிறது, இதுவரை மாத்திரை என்று ஒன்று விழுங்கியதில்லை, பொய் என்று ஒன்று சொன்னதுமில்லை. அதனால் எழுதுகிறவரை நிதானமாகவே எழுதச் சொல்லுங்கள். சொன்னதை நான் பிறகு மாற்ற மாட்டேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த ஸ்மார்ட் போர்டு இல்லாவிட்டால் நாம் இருவரும் இங்கே எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதே இல்லை.

வேலம்பாளையத்தில் எங்கள் குடும்பம் எதைக் கொடுத்தாலும் பெயர் எழுதித்தான் கொடுக்கும். முருகன் கோவில் டியூப்லைட் ஒவ்வொன்றிலும் உபயம் என்று போட்டு அப்பாவின் பெயர் இருக்கிறது. எழுத்து பெரிதாக இருப்பதால் சன்னதி கொஞ்சம் இருட்டுத்தான். ஆனால் பெயர் தெளிவாகத் தெரியும். பஸ் ஸ்டாப் தண்ணீர்த் தொட்டி அம்மா நினைவாக. மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் பெரியப்பா நினைவாக. மின்மயானத்தின் ஃப்ரீசர் பெட்டி சித்தப்பா நினைவாக. போன வருடம் தலைமையாசிரியர் நல்லான் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒன்பதாம் வகுப்புக்கு எழுபத்தைந்து அங்குலத்தில் ஒரு போர்டு வேண்டும் என்றார். சரி என்றேன்.

"யாரு நினைவா போடறதுங்க?" என்று கேட்டார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. எங்கள் வீட்டில் இறந்தவர்கள் தீர்ந்துபோயிருந்தார்கள். என் மனைவி செல்லாத்தாளுக்கு உடம்பு நன்றாகவே இருந்தது. யோசித்துப் பார்த்தேன். தங்கை அமராவதி ஒருத்திதான் பாக்கி.

அமராவதி 1986-ல் இறந்தாள். இதில் உங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதால் விவரமாகச் சொல்கிறேன். எங்கள் பனியன் கம்பெனியில் ரஷீத் என்று ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தான். ஒரு திங்கட்கிழமை அவனோடு ஈரோட்டுக்கு ரயிலேறிப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். புதன்கிழமை அவளுடைய தாவணியை ஒரு வைக்கோல் பொம்மைக்குச் சுற்றி நொய்யல் கரையில் கொள்ளி வைத்தோம். நான் மொட்டை அடித்துக்கொண்டேன். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், பதினாறாம் நாள் காரியம், மாலை போட்ட படம், எதிலும் குறை வைக்கவில்லை. ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து வருடம் தவறாமல் திதி கொடுக்கிறேன். உடம்பால் செத்துப்போன பலருக்கே இவ்வளவு மரியாதை கிடைப்பதில்லை.

ஆகவே அவள் பெயரைக் கொடுத்தேன். போர்டை எப்போது போட்டாலும், பாடம் வருவதற்கு முன்னால் முப்பது நொடி அவளுடைய படம் வரவேண்டும். அதைத் தள்ளிவிட்டுப் போக முடியக்கூடாது என்று மாட்ட வந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். இருபது வயதுப் படம். கீழே, 'தோற்றம் 1966, மறைவு 1986'. ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை. எட்டு முறையும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நான் சொல்லவில்லை, தலைமையாசிரியரே வைத்த பழக்கம்.

ஜூலை மாதம் பிள்ளைகள் அந்தப் போர்டில் பாடம் நடத்திக் காட்டுகிறார்கள் என்று என்னை அழைத்தார்கள். சத்யப்பிரியா என்கிற டீச்சர். இருபத்தாறு வயது இருக்கும். நல்ல பெண், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். 'நம் தெருவில் ஒரு தொழிலாளி' என்று தலைப்புக் கொடுத்து, ஒவ்வொருவரும் ஐந்து ஸ்லைடு செய்து வரச் சொல்லியிருந்தாள்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரிலிருந்து வரும் ஜனனி என்ற மாணவி மூன்றாவதாக வந்தாள். அந்த வயதில் ஸ்லைடு செய்தால் எதுவும் சும்மா வராது. எழுத்து சுழன்றுகொண்டு வரும், படம் உருண்டுகொண்டு வரும். திரையில் அ என்று ஒரு எழுத்து மேலிருந்து குதித்து விழுந்தது. பிறகு ம. பிறகு ரா. நான் வெற்றிலை போடுகிறவனில்லை. ஆனால் அந்த நேரத்தில் வாயில் ஏதாவது இருந்தால் தேவலை என்று இருந்தது. தி விழுந்ததும் போர்டிலிருந்தே கைதட்டல் சத்தம் வந்தது.

"எங்க லைன் ஊட்டு வரிசையில இருக்கிற அமராவதியம்மா. வயசு அம்பத்தெட்டு. முப்பது வருசமா கம்பெனியில செக்கிங் வேலை பாக்கறாங்க. துணியில ஓட்டையோ கறையோ இருந்தா, இந்த மாதிரி சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அங்க ஒட்டுவாங்க. அவங்க கண்ணுல இருந்து ஒரு ஓட்டை தப்பாதுங்க."

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "டீச்சர், நாம எந்திரிச்சு நிப்பமல்லங்க, அந்தச் செத்துப்போன அக்காவும் இவங்களும் ஒரே மாதிரி இருக்காங்க."

வகுப்பு சிரித்தது. சத்யப்பிரியா சிரிக்கவில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டு விரலால் திரையை விரித்தாள். தாடையில் மச்சம், கைக்குட்டை அளவுக்கு விரிந்தது. அந்தப் பக்கமும் மச்சம்.

"ஏனுங்கய்யா, உங்க தங்கச்சி இரட்டைப் பொறப்புங்களா?"

"இல்லை" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சத்யப்பிரியா என் வீட்டுக்கு வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "அய்யா, அவங்க உசிரோட இருக்காங்க. ரஷீத்தய்யா கொரோனாவுல போயிட்டாராம். தனியாத்தான் இருக்காங்க. வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவுக்கு வரச் சொல்லியிருக்கறனுங்க. மேடையில நீங்களும் அவங்களும் சேர்ந்து உட்காரணும். உங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் பத்திரிகை வெச்சாச்சு. முதல் ஸ்லைடையும் திருத்திட்டேன், அந்த மறைவை எடுத்துட்டனுங்க."

"திருத்தாமல் விடலாமே" என்றேன்.

"தப்புன்னு தெரிஞ்சா திருத்தணும்னுதானுங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறோம்."

அவள் சொன்னது நியாயம். ஆனால் வெள்ளிக்கிழமை முன்வரிசையில் உட்காரப் போகிறவர்கள் எல்லோரும் 1986-ல் எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டவர்கள். அவர்கள் முன்னால் அவள் மேடையேறிக் கும்பிட்டால், அன்றைக்கு அப்பா வைத்த கொள்ளிக்கு என்ன அர்த்தம்? முப்பத்தெட்டுத் திதியையும் நான் யாருக்குக் கொடுத்தேன்? அப்பாவைப் பொய்யராக்கிவிட்டு நான் ஒரு சால்வையை வாங்கிக்கொள்வதா?

டீச்சரிடமே நம்பர் வாங்கி அமராவதிக்கு போன் செய்தேன். புதன்கிழமை காலையில் வந்தாள். செல்லாத்தாள் ஊத்துக்குளியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வாசற்படி ஏறும்போது, நாற்பது வருடமாக இங்கேதான் இருந்தவள்போல வலது காலை மட்டும் பார்த்து வைத்தாள்; மூன்றாம் படி உடைசல் என்று அவளுக்குத் தெரியும்.

கூடத்தில் மாலை போட்ட அவளுடைய படத்தின் முன்னால் நின்று சிரித்தாள்.

"செத்தவளுக்கு அவ்வளவு பெரிய டீவி வாங்கி வெச்சிருக்கறீங்க. இருக்கிறவளை ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாமல்லங்கண்ணா?"

அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். இதைக் கட்டாயம் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மேடையில், அந்த அமராவதி நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

"ஓட்டை இருக்கிற பீஸை நல்ல பீஸுன்னு பாஸ் பண்ண எனக்கு வராதுங்கண்ணா" என்றாள். பர்ஸிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்து, படத்தில் 'மறைவு 1986' என்று இருந்த இடத்தில் ஒட்டினாள். அம்பு சரியாக வருடத்தைக் காட்டியது. விளையாட்டாகத்தான் செய்தாள். கோபம் இல்லை.

நான் காபி போடப் போனேன்.

வாழ்நாளில் அன்றைக்குத்தான் முதல்முறையாக அடுப்புப் பற்றவைத்தேன். தென்னந்தோப்புக்கு வாங்கி வைத்த மருந்து பின்கட்டில் இருந்தது. டம்ளரோடு வரும்போது அவள் அந்தப் படத்தோடு சேர்ந்து நின்று செல்போனில் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜனனிக்கு அனுப்புவதற்காம்.

ஒரு வாய் குடித்தாள். "ரெண்டு கரண்டி சக்கரை. மறக்கலீங்களேண்ணா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, "கொஞ்சம் கசக்குதுங்களே" என்றாள்.

"நானே போட்டது."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தாள். "அண்ணன் போட்ட காபியை மிச்சம் வெப்பாங்களா?" முழுவதையும் குடித்து, டம்ளரை அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று இரவு லைன் வீட்டில் முடிந்தது. நெஞ்சுவலி என்று நினைத்தார்கள். மறுநாள் ரஷீத்தின் உறவினர்கள் அடக்கம் செய்தார்கள். படத்திலிருந்த ஸ்டிக்கரை நான் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை விழாவுக்குப் போனேன். போகாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது. சத்யப்பிரியா அழுதுகொண்டே போர்டைப் போட்டாள். முதல் ஸ்லைடில் 'மறைவு 2024' என்று மாற்றியிருந்தாள். கடைசி ஸ்லைடாக, அமராவதி கடைசியாக அனுப்பியது என்று அந்தப் படம் வந்தது. மாலைக்குள் ஓர் அமராவதி, வெளியே ஓர் அமராவதி, நடுவில் சிவப்பு அம்பு. நான் கொடுத்த போர்டு நல்ல போர்டு. அவ்வளவு தெளிவு.

"டீச்சர்," என்றாள் ஜனனி, "பின்னாடி காபி கொண்டு வர்றது இந்த அய்யாதானுங்க. புதன்கிழமை காத்தால எடுத்தது. அன்னிக்கு ராத்திரிதான் அவங்க..."

சத்யப்பிரியா வழக்கம்போல இரண்டு விரலால் விரித்தாள். எழுபத்தைந்து அங்குலமும் நானும் அந்த டம்ளருமாக ஆனது. முன்வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து போகவில்லை. சால்வை போட்டார்கள், வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை டீச்சர் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். திங்கட்கிழமை நீங்கள் உடலைத் தோண்டி எடுத்தீர்கள். சோதனையில் என்ன வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நான் போட்டதுதான் வந்திருக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொலை என்று எழுதும்போது யோசித்து எழுதுங்கள். 1986-ல் காரியம் முடிந்தவளை 2024-ல் எப்படிக் கொல்வது? ஒரு தேதி தவறிப்போகாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த முதல் ஸ்லைடைப் பழையபடி வைக்கச் சொல்லி தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு அனுமதி வேண்டும்.

எனக்கு அவள் என்றைக்கோ செத்துவிட்டாள் என்றால், அவளுக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி என்பது எப்படி நினைவிருந்தது என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்கு மட்டும், கை தவறி விழுந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.